மைனஸ் ஆறு பவரில் ஒரு வால்நட்சத்திரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அந்தப் பெண்ணை எட்டு வயதிலிருந்து எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது கணவனா கதவா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கணவனோ லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டு தெருவில் விழுந்த திருகாணியை விரல் நீட்டிக் காட்டுவான். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூட அவன் அவள் கண்ணைக் கிண்டல் செய்யாமல் தூங்கியதில்லை. அவளும் பதிலுக்கு அவன் குறட்டையை விட்டுவைத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் ஒரு பைனாகுலர் வாங்கினாள். பார்வையைத் துல்லியமாக்கத் திருப்புகிற சக்கரம் துருப்பிடித்து, தூரப் பார்வைக்குச் சரியான இடத்திலேயே இறுகிப் போயிருந்தது. கணவன் எண்ணெய் விட்டுப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். அது அசைந்து கொடுக்கவில்லை. "உனக்கேத்த சாமானாத்தான் பார்த்து வாங்கியிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கிண்டலாகச் சொன்னதுதான் உண்மையாகிப் போனது.

அதை வைத்துத்தான் வால்நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கப் பழகினாள். வால்நட்சத்திரம் பஞ்சுத் துணுக்கு மாதிரி மசமசவென்று இருக்கும், நட்சத்திரம் ஊசிமுனையாக இருக்கும். இரண்டையும் அப்படியே வைத்துப் பிரகாசத்தை ஒப்பிட முடியாது. அதனால் முதலில் வால்நட்சத்திரத்தைத் தெளிவாகப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டு, பிறகு நட்சத்திரங்களைக் கலங்கலாக்கி, அவையும் அதே அளவு பஞ்சாக உப்பியதும் எது பிரகாசம் என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் இதற்குச் சக்கரத்தைத் திருகுவார்கள். இவள் கண்ணாடியைக் கழற்றுவாள். அவ்வளவுதான், வானமே பஞ்சுக்கடை ஆகிவிடும்.

இந்த வருஷம் வந்த ஒரு வால்நட்சத்திரத்தை நாற்பத்தேழு மாலை பார்த்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு மாலையும் ஒரு பழைய லென்ஸ் கவரின் முதுகில், சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் புள்ளியாக வைத்து, அது எங்கே நிற்கிறது என்று குறித்து, பக்கத்தில் பிரகாச எண்ணை எழுதுவாள். இந்த எண் பரீட்சை ராங்க் மாதிரி, சின்னதாக இருந்தால்தான் பெரிய ஆள். எல்லாவற்றையும் வாராவாரம் வேறோர் ஊரில் இருக்கும் ஒரு வேதியியல் வாத்தியாருக்கு அனுப்புவாள். பல ஊர்க்காரர்கள் பார்த்ததையும் தொகுத்துப் பட்டியல் போடுகிறவர் அவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

நாற்பத்தெட்டாவது மாலை, கணக்குப்படி எட்டு புள்ளி ஐந்தில் மங்கிக் கிடக்க வேண்டியது, ஆறு புள்ளி இரண்டில் ஜம்மென்று நின்றது. எப்போதாவது ஒரு வால்நட்சத்திரம் இப்படித் திடீரென்று பொங்கிப் பிரகாசமாகும்; சோடாபுட்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துணிக்கொடியில் காய்ந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடியை இரண்டு சுற்று சுற்றினாள். கீழே வந்து வாத்தியாருக்கு எண்ணை அனுப்பினாள். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"மேடம், பக்கத்துல மங்கலா ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. அதைப் பாத்துட்டீங்களோ?"

"இல்ல சார். நேத்து இருந்த இடத்துலேர்ந்து நகர்ந்திருக்கு. கூட்டம் நகராதே."

இடத்தைச் சொன்னாள். அவர் பாதைக் கணக்கோடு ஒப்பிட்டார். "இடம் சரிதான். பிரகாசம்தான் இடிக்குது. மூணு நாளா உங்க ஊரைத் தவிர எல்லா ஊர்லயும் மழை, வேற யாரும் பார்க்கல. ஆமா, சக்கரத்தை எவ்வளவு திருப்புனீங்க?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவள் பாடு சுலபமாக இருந்திருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தாள்.

"நாப்பத்தேழு நாளும் கண்ணாடியைக் கழட்டித்தான் பாத்தீங்களா?"

"ஆமா சார்."

"தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பட்டியலை முடிக்கணும். அதே பைனாகுலர்ல, அதே மாதிரி கலங்கலா, இன்னொரு கண்ணு பாத்துச் சொன்னா ஏத்துக்குவேன். இல்லாட்டி நாப்பத்தெட்டுக்கும் பக்கத்துல கேள்விக்குறி போடறதைத் தவிர எனக்கு வழியில்ல."

நாற்பத்தெட்டுக் கேள்விக்குறி. அன்றிரவு அவை கொக்கி கொக்கியாக அவள் கண்முன் தொங்கின. ஆறு வருஷத்தில் அவள் செய்த காரியம் என்று உலகத்தில் பதிவாகியிருந்தது அந்தப் பட்டியல் ஒன்றுதான். வருத்தப்படத்தான் நினைத்தாள். ஆனால் ஆறு புள்ளி இரண்டு ஞாபகம் வரும்போதெல்லாம் தலையணைக்குள் சிரிப்பு வந்து காரியத்தைக் கெடுத்தது.

மறுநாள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே, முன்னறையில் டாக்டர் யாரோ ஒருவருக்குப் பவர் பார்ப்பதைக் கவனித்தாள். மூக்கில் வட்ட ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்களே, அது. அவள் கை அப்படியே நின்றது. நல்ல கண்ணுக்கு பிளஸ் ஆறு போட்டால், அவள் கண்ணாடியில்லாமல் பார்ப்பது எப்படியோ அப்படித்தானே தெரியும். டாக்டரிடம் கெஞ்சி ஃபிரேமையும் பிளஸ் ஆறு லென்ஸ் இரண்டையும் ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டு, ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு ஓடினாள்.

கணவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். நர்ஸ் வேலைக்குப் போகும் நாத்தனாரும் வந்திருந்தாள். இருவரையும் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். முதலில் தான் பார்த்து, ஒரு லென்ஸ் கவரில் எண்ணை எழுதி, மடித்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"யாருக்கும் காட்டாத. உங்கண்ணன் என் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு. நான் திரும்பி நிக்கிறேன்."

"அண்ணி, நீங்க சிரிக்காம நின்னாலே போதும்" என்றாள் நாத்தனார்.

மேற்கே வெளுப்பு வடிந்திருந்தது. கணவன் வெறுங்கண்ணால் பைனாகுலரைப் பிடித்து, அவள் சொன்ன இடத்தில் பஞ்சுத் துணுக்கைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கண்ணுக்கு அது ஒரு வேலையா. பிறகு ஃபிரேமை மாட்டிக்கொண்டான். பைனாகுலரைத் தூக்கவில்லை. சும்மா நின்றான்.

"என்னங்க ஆச்சு?"

"எங்க நிக்கிற?"

"இங்கதாங்க. ரெண்டடி தள்ளி."

அவன், அவள் குரல் வந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டினான். தெருவிளக்குகள் எல்லாம் அவனுக்கு வீங்கிப்போன வட்டங்களாகத் தெரிந்தன. தன் கைவிரலை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தான், விலக்கினான், மறுபடி பார்த்தான்.

"இப்படியா உனக்குத் தெரியும்?"

"கண்ணாடி இல்லாட்டி இப்படித்தான். நேரமாகுது, பாருங்க."

மேலே ஒரு பிரகாசமான நட்சத்திரம், கீழே ஒரு மங்கல். எண் எதையும் அவள் சொல்லவில்லை. "மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் நடுவுல பத்து மாடின்னு வெச்சுக்குங்க. நீங்க பார்த்த பஞ்சு மேலேர்ந்து எத்தனை மாடி கீழ நிக்குது?"

இந்தப் பாஷை அவனுக்குப் புரிந்தது. ஃபிரேமைக் கழற்றினான், பஞ்சைப் பார்த்தான், மாட்டினான், நட்சத்திரங்களைப் பார்த்தான். பத்து தடவை. லிஃப்ட் கோளாறு பார்க்கும்போதுகூட அவன் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. சோடாபுட்டி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் திணித்து நின்றாள். ஏழே முக்கால் ஆகிவிட்டது.

"அஞ்சுன்னு நெனச்சேன். இல்ல, நாலு. நாலு மாடி இறங்கி நிக்குது."

மேல் நட்சத்திரம் ஐந்து புள்ளி நாலு, கீழ் நட்சத்திரம் ஆறு புள்ளி நாலு. ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஐந்து புள்ளி எட்டு. நாத்தனார் கவரைப் பிரித்தாள்.

"அண்ணி எழுதியிருக்கறது அஞ்சு புள்ளி ஒம்போது."

ஒரு மாடிதான் வித்தியாசம். நேற்றைவிட வால்நட்சத்திரம் இன்னும் பிரகாசமாகியிருந்தது. சோடாபுட்டி நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வாத்தியாருக்குப் போன் போட்டபோது மூச்சு வாங்கியது. அவர் இரண்டு எண்ணையும் திரும்பச் சொல்லச் சொன்னார். ஃபிரேம் விஷயத்தையும் கேட்டு, கொஞ்ச நேரம் சிரித்தார்.

"மேடம், நாப்பத்தெட்டு கேள்விக்குறியும் போட்டு வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன். இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் தவிர இதைப் பார்த்தவங்க பட்டியல்ல யாருமே இல்ல."

அவள் போனை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு நடந்தாள். பின்னால் கணவன் ஃபிரேமைக் கழற்றாமலே வந்தான்.

"அண்ணா, அதைக் கழட்டிட்டு இறங்கு, விழுந்து வெக்காத."

அவன் கழற்றவில்லை. முதல் படியில் காலால் துழாவி நின்று, மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவள் ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்ல, இருபத்தோரு படியும் அப்படியே இறங்கினான்.