குட்டையில் குதித்தவளின் தங்கை

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. தோட்டத்தின் எல்லையில், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகள் உண்டு. கரையில் நின்று பார்த்தால் ஆழமே தெரியாது.

ஒரு பள்ளி விடுமுறையில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அங்கே இறந்துபோனாள். மூன்றாம் ஆண்டில் படிக்கும் அவளுடைய தங்கை, கரை சரிந்து உள்ளே விழுந்திருக்கிறாள். அக்கா யோசிக்காமல் குதித்துவிட்டாள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து தங்கையைக் கரையேற்றினார். அவர் மறுபடி இறங்கியபோது அக்கா கைக்கு அகப்படவில்லை.

பள்ளி திறந்ததும், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கும்படி தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்.

"தங்கச்சியும் அந்த வகுப்புலதானே இருக்கா?" என்றேன்.

"தெரியும். ஆனா மத்த புள்ளைங்களயும் பாக்கணும் லா."

திடலில் காலி எண்ணெய்ப் புட்டியில் கயிறு கட்டி, புல்லில் படுத்திருந்த பிள்ளையை நோக்கி ஒவ்வொருவராக வீசச் செய்தேன். "கூட்டாளி தண்ணியில விழுந்தா நீங்க குதிக்கக் கூடாது. சத்தமா கத்தணும். எதையாவது தூக்கிப் போடணும்." பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்தார்கள்.

தங்கை கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்ப அக்கா செஞ்சது தப்பா?"



"தப்பில்லம்மா. அவளுக்கு இத யாரும் சொல்லித் தரல."

"சொல்லித் தந்திருந்தா குதிச்சிருக்க மாட்டாளா?"

"மாட்டா."

"அப்ப நான்?"

அன்று அந்தக் கரையில் கயிறு ஏது, புட்டி ஏது?

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். கோபப்படவில்லை. "வீட்டுல அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கா, டீச்சர். என்னால பதில் சொல்ல முடியல. இனிமே அவள அந்தப் பாடத்துல உட்கார வைக்காதீங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மற்றவர்கள் திடலில் கயிறு வீசிய நேரத்தில் அவள் நூல்நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆண்டு இறுதியில் குடும்பம் தோட்டத்தை விட்டுச் சுங்கை ஆயர் தாவார் என்ற ஊருக்குப் போய்விட்டது. புது வீட்டுக்குப் பின்னாலேயே பெரிய வாய்க்கால் ஓடுகிறது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.