மேஸ்திரியின் இடக்கண் இமை

அன்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் நால்வர்: வெள்ளைக்கார டாக்டர் துரை, கிளியூர் நல்லமுத்து மேஸ்திரி, அவர் மனைவி பாவாயி, நர்சாகிய நான். வலியை நீக்குவது எங்கள் தொழில்; நீக்கியதற்காக வசவு வாங்குவதும் அதில் அடக்கம் என்பதை, ஊசிக்குழலைக் கொதிக்கவைத்தே காலம் கழித்த நர்சு சகோதரிகளாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எரிவது கை, குத்துவது கழுத்து

பக்கவாதம் வந்து தேறிய மேஸ்திரிக்கு இடக்கை ஓராண்டாகத் தீயாய் எரிந்தது. துணி பட்டாலும் பொறுக்காது. சட்டையின் இடக்கையைக் கத்தரித்துவிட்டிருந்தார். பாவாயி அந்தப் பக்கம் நடப்பதையே விட்டிருந்தாள். கோளாறு மூளையில் என்றும், கழுத்தருகே ஓடும் நரம்பை மருந்தால் மரக்கச் செய்தால் எரிச்சல் அடங்கக்கூடும் என்றும் துரை சொன்னதை நான் தமிழில் எடுத்துரைத்தேன். பாவாயி ஊசியின் நீளத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க நர்சம்மா, மேலூட்டுல தீப்புடிச்சா கீழூட்டுலயா தண்ணி ஊத்துவாங்க?"

விழுந்த இமை

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் கை வெதுவெதுப்பானது, எரிச்சல் அடங்கியது. பாவாயி ஒரு விரலால் தொட்டாள், பிறகு உள்ளங்கையால். மேஸ்திரி கையை இழுக்கவில்லை. ஆனால் அவருடைய இடக்கண் இமை பாதி சரிந்தது, குரலும் கம்மியது. மருந்து சரியான நரம்பைச் சேர்ந்ததற்கு இமையே சான்று, இமையும் குரலும் சில மணி நேரத்தில் தாமே சரியாகிவிடும் என்று துரை பூரித்தார். அந்தப் பூரிப்பில் பங்குகொள்ளப் பாவாயி மறுத்தாள்.

"கையைக் குடுத்துட்டுக் கண்ணை எடுத்துக்கறதுக்கு இது என்ன மாட்டுச் சந்தைங்களா?"

பழம் நிறுக்குமிடம்

அதன்பின் நடந்ததை, மறுநாள் இருமல் மருந்து கேட்டு வந்த அத்தனை பேரும் என்னிடம் சொன்னார்கள். ஒருவருக்கும் இருமல் இல்லை. பழம் பறிக்கும் அறுபது பெண்களைப் பார்வையாலேயே அடக்கி வேலை வாங்கியவர் மேஸ்திரி. ஊசி போட்ட அன்று பிற்பகல், காப்பிப் பழம் நிறுக்குமிடத்தில் அதே பார்வையை வீசினார், இமை ஒத்துழைக்கவில்லை. அதட்டினார், காற்றுதான் வந்தது. எல்லோரிலும் மூத்தவளான செல்லாயி கூடையை இறக்கிவைத்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, பல்லெல்லாம் போனப்புறம் எனக்கெதுக்குங்க கண்ணடிக்கறீங்க?"

இரண்டாவது ஊசி

அன்று மாலைக்குள் இமை நிமிர்ந்தது; எரிச்சலும் திரும்பியது. மறுவாரம் துரை ஊசியோடு காத்து நின்றார். மேஸ்திரி கழுத்தைக் காட்ட மறுத்தார். எரிச்சலைத் தாங்கலாம், அறுபது பேர் சிரிப்பைத் தாங்க முடியாது என்றார். சொல்லும்போதே அந்தக் கையை வேட்டியில் படாதபடி தூக்கிப் பிடித்திருந்தார். பாவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருசத்துல என்னைப் பாத்து ஒருக்காக்கூடக் கண்ணடிச்சதில்லீங்க. போட்டுக்குங்க. இன்னைக்கு வேலைக்குப் போவேண்டாம், ஊட்டுக்குப் போலாம்."

மேஸ்திரி கழுத்தைச் சாய்த்தார். நரம்பை மரக்கச் செய்யத் துரையின் ஊசி போதும், வீம்பை மரக்கச் செய்யும் மருந்து மட்டும் எங்கள் அலமாரியில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதே என் அனுபவத்தின் சாரம். இமை சரிந்ததும் அவர் எழுந்து, பாவாயியின் கையை அந்த இடக்கையால் பற்றிக்கொண்டு வெளியேறினார்.