அவளுக்கும் துடக்கு

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்: அம்மா வழிச் சனம் முழுவதும், நண்டு வலைக்காரர் எல்லாரும், கோயில் தலைவர், என்னோடு கம்பஸில் படிக்கும் நான்கு பேர். வராதவர்கள்: கனடாவில் இருக்கும் பெரியப்பா, அவர் கைபேசித் திரையில் இருந்து அழுதார். அப்பாவோடு பல வருடமாகப் பேசாத சித்தப்பா. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், அதை வந்ததாக எடுக்க முடியாது. அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் பிரச்சினை தொடங்கியது. விடிந்ததில் இருந்து அவள் அப்பாவின் கால்மாட்டில் இருந்தாள். ஆனால் அவள் வந்தவளா, வீட்டுக்காரியா?

எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. தாய் தகப்பன் இல்லை. இரண்டு சிறுவர் இல்லங்களில் இருந்துவிட்டு வந்தவள். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒரு அம்மா கூட்டிவந்து, வளர்ப்புக் குடும்பமாக இருக்கச் சம்மதித்த எங்களிடம் விட்டுப் போனார். என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது, கடலின் நிறத்தைப் பார்த்து வலை போடத்தான் தெரியும். கந்தோரில் இருந்து மாதாமாதம் சிறு கொடுப்பனவு வந்தது. "காசுக்குப் பிள்ளை வளர்க்கினம்" என்று ஊர் சொன்னது. அதை அவளும் கேட்டிருக்கிறாள்.

அம்மா அலுமாரியில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஏழு வருடமும் அது வெறுமையாகவே கிடந்தது. உடுப்பையெல்லாம் புத்தகப்பைக்குள் அடுக்கி, அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பாள். இரவில் நாய் குரைத்தால் எழும்பி, பை இருக்கிறதா என்று தடவுவாள். அப்பாவை மாமா என்பாள், அதுவும் தவிர்க்க முடியாமல் போனால்.

பதினெட்டு முடிந்ததும் கந்தோரின் பொறுப்பு முடிந்தது. "இஞ்சையே இரன்" என்றார் அம்மா. அவள் கேட்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் லண்டன்காரர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் காவலாக, பின்னறையில் குடிபோனாள்.

"இனி ஆரும் காசுக்கு வளர்க்கினம் எண்டு சொல்லட்டும் பாப்பம்" என்றாள் போகும்போது.

அந்த வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் உவர். வெங்காயம் வைத்தால் சில மாதங்களில் காசு பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

"வெங்காயம் எண்டால் பிடுங்கிக்கொண்டு போயிடலாம்" என்றாள். "எனக்கு நிக்கிறது வேணும்."

மல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை, அலரி என்று கண்ட வீடுகளில் எல்லாம் தடி கேட்டு வந்து நட்டாள். மாடு வராமல் இருக்க அப்பா தன் பழைய நண்டு வலைகளை வளவைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். இருவரும் பேசியதை நான் அதிகம் கண்டதில்லை. விடியப்புறம் கரைக்கு வந்ததும் மீன் பையை அவளுடைய வேலிப் படலையில் கொழுவிவிட்டு அவர் நடப்பார். அவள் உள்ளே மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருட வெயிலில் மல்லிகை முழுவதும் பட்டுப்போனது. அவள் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். காய்ந்த கொடியைப் பிடித்துக்கொண்டு, பார்ப்பவர்களைப் பற்றிய கவலை இல்லாமல் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் புதிய பதியம் வைத்தாள். அடுத்த மாரிக்குள் அது பூத்தது. ஒருநாள் போனபோது அந்தப் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதற்குள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"உடுப்பெல்லாம் எங்கை?"

"அலுமாரியில. வேற எங்கை வைக்கிறது?" என்றாள், நான்தான் ஏதோ விசர்க் கேள்வி கேட்டதுபோல.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் பூ விற்றாள். போன வருடம் எங்கள் அம்மன் கோயில் தலைவர் திருவிழா மாலைகள் முழுவதையும் அவளிடம் கொடுத்தார். பத்து நாள் திருவிழாவுக்கு எண்பத்தையாயிரம் ரூபா. அதை நம்பி, இருபதாயிரம் முற்பணம் கட்டி, தவணைக்கு ஒரு தண்ணீர் மோட்டர் எடுத்தாள். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அப்பா வள்ளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு நடந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குள் போகக்கூடாது, அவர்கள் கைபட்ட பூவும் சாமிக்கு ஆகாது. கோயில் தலைவர் கெட்ட மனிதர் அல்ல. நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் பிரேதம் போன பிறகு அவளிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். இரத்த உருத்துக்குத்தான் துடக்கு, உமக்கு இல்லை. ஐயரிட்டையும் கேட்டிட்டன். தலைமுழுகிப்போட்டு மாலை கட்டுற அலுவலைப் பாரும்."

"எனக்குத் துடக்கு, ஐயா."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன். கனடாவில இருக்கிறவருக்குத் துடக்கு. வேலிக்கு அங்காலை நிண்டவருக்கும் துடக்கு. காலடியில இருந்த எனக்கு இல்லையோ?"

பாக்குச் சீவிக்கொண்டிருந்த அயல்வீட்டு மாமி ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "மாமா எண்டுதானே பிள்ளை கூப்பிட்டனி? இப்ப என்ன புதுசா?"

"அப்பா எண்டு கூப்பிட வெக்கமாய் இருந்தது மாமி. துடக்குக் காக்க வெக்கமில்லை."

தலைவர் குரலைத் தணித்தார். "இந்த முறை விட்டீர் எண்டால் வாற வருசமும் கோயில் சபை வேற ஆளுக்குக் குடுத்திடும். மோட்டருக்கும் கட்டவேணுமாம்."

"ஓம். கட்ட ஏலாதுதான்."

மறுநாள் குசினிக்குள் வைத்து அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "விசரி, அந்தாள் உயிரோட இருக்கேக்க ஒரு பூவை மணந்து பாத்ததில்லை. நண்டு மணம்தான் தெரியும். அந்தாளுக்காக ஏனடி உன்ர உழைப்பைக் கெடுக்கிறாய்?"

நானும் சேர்ந்துகொண்டேன். துடக்கு என்பதே மனிதர் உண்டாக்கிய கதை, அதற்காக யாராவது தோட்டத்தை இழப்பார்களா என்று, படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும், கம்பஸ் அண்ணை. உங்களுக்கு அது சும்மா கிடைச்சது, வேண்டாம் எண்டு எறியலாம். எனக்குத் தரமாட்டம் எண்டெல்லோ சொல்லினம்."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

கொடியேறியது. மேளச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பறிக்காமல் விட்டால் செடி சோம்பிவிடும் என்று அவள் ஒவ்வொரு விடியலும் பறித்தாள். கோயிலுக்கென்று நினைத்து வைத்திருந்த மாலைகளை, அதே முறையில், அன்றன்றைக்கு உரியதை அன்றன்றைக்குக் கட்டி அப்பாவின் படத்துக்குப் போட்டாள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த சின்னப் படம் அது. கொடியேற்ற மாலைக்கே அப்பாவின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. தேர் மாலையைப் படம் தாங்காது என்று, அவர் வலை பின்ன இருக்கும் கதிரையில் சாத்தினோம். துறையில் விற்கலாமே என்றதற்கும் மாட்டேன் என்றாள். அங்கே வாங்குகிறவர்களும் கோயிலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

பாக்குச் சீவிய மாமி வந்து பார்த்துவிட்டு, "அம்மனுக்குக்கூட இந்தமுறை இவ்வளவு பூ இல்லை" என்றார்.

"அம்மனுக்குச் சந்தையில வாங்கலாம் மாமி."

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, துடக்குக் கழிக்கும் கிரியை. உரித்தாளர் மட்டும் முன்னுக்கு வாருங்கள் என்றார் கிரியை செய்த ஐயர். நான் போனேன், அம்மா வந்தார், சித்தப்பா யாரையும் பார்க்காமல் வந்து நின்றார். அவள் சித்தப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவ ஆர்?" என்றார் ஐயர்.

"மகள்" என்றார் அம்மா. "கெதியாத் தண்ணியைத் தெளியுங்கோ ஐயா, வெயில் ஏறுது."

அடுத்த திருவிழாவைச் சபை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. தவணை கட்டாததால் கடைக்காரர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். முற்பணம் திரும்பி வரவில்லை. அவள் இப்போதும் வாளியால் அள்ளித்தான் ஊற்றுகிறாள், மல்லிகை இப்போதும் பூக்கிறது. துடக்குக் காத்து என்ன கண்டாய் என்று யாராவது வாயைக் கிண்டினால், அப்பாவுக்குச் செய்த செலவைச் சொல்வதுபோல, குரலைத் தணிக்காமல் கணக்குச் சொல்வாள். திருவிழா எண்பத்தையாயிரம், மோட்டர் இருபதாயிரம், எல்லாமாக ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபா.