நடுவில் விழுந்த பந்து

கூத்தையாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று ராமநாதபுரத்துக் கண் டாக்டர் சொன்னபோது அவனுக்கு அழுகை வராத குறைதான். கோளாறு இருந்திருந்தால் ஒரு கண்ணாடியைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். இப்போது என்ன செய்வது? நன்றாகத் தெரிகிற பந்தை ஏன் விடுகிறோம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இது நடந்தது 2006இல். கடற்கரை வாலிபால் என்று ஒன்று உண்டு, அதை ஆடினால் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அப்போது சாயல்குடிப் பக்கம் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். கூத்தையாவுக்குக் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அவனையும் குருநாதனையும் ஜோடியாக எடுத்து, மாதச் சம்பளம் போட்டு, கோவா, விசாகப்பட்டினம் என்று கடற்கரை கடற்கரையாக அனுப்பியது. "குதிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறாக?" என்று அவன் அய்யா கேட்டார். நாளெல்லாம் மிளகாய்க் காட்டில் குனிந்து நிற்கிற மனுஷன் வேறு எப்படிக் கேட்பார்?

அந்த மிளகாய்க் காடு குருநாதன் வீட்டுக் காடு. குருநாதனின் அப்பா செல்லச்சாமிக்குத்தான் ஊரில் பாதி நிலம். கூத்தையாவின் அய்யா, அம்மா, பெண்டாட்டி பூமயில் எல்லோருக்கும் வேலை அங்கேதான். ஊர் டீமில் ஆறு பேராக ஆடிய காலத்திலேயே குருநாதன் வலையோரம் பந்தைத் தூக்கி லிப்ட் போடுவான், கூத்தையா எகிறி அடிப்பான். அந்த லிப்ட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி வந்து நிற்கும். ஆளும் தங்கமான ஆள். கூத்தையாவின் தட்டிலிருந்து பரோட்டாவைப் பிய்த்துத் தின்பான். "சின்னய்யான்னு கூப்பிடாதலே, கேவலமா இருக்கு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "சரிங்க சின்னய்யா" என்பான் கூத்தையா.

ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவன் விட்டதை இன்னொருவன் எடுத்துக்கொள்வான். மணலில் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தால் யாராவது ஒருவன் பாய்ந்தாக வேண்டும். நடுப்பந்து உன்னுடையது என்று குருநாதன் முதல் நாளே சொல்லிவிட்டான். கூத்தையாவும் பாய்வான். பாதி தூரம் போவான். அப்புறம் நின்றுவிடுவான். ஒரு கால் தானாகப் பின்னால் போகும், உடம்பு ஒருக்களிக்கும், பந்து பொத்தென்று மணலில் விழும்.

"என்னலே ஆச்சு?"

"தெரியல சின்னய்யா."

சத்தியமாகத் தெரியவில்லை. வெயில் கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தான். காற்றின் மேல் பழி போட்டான்; காற்று அடங்கிய நாளிலும் விட்டான். யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று அவன் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து நெடி கிளம்பி ஊரே தும்மியது. பந்து மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. சேதுக்கரைக் கடலில் முங்கி எழுந்தான். அதற்கும் தீரவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், குருநாதனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் கம்பெனி ஒரு கேரளாப் பையனோடு இவனை ஆட வைத்தது. அன்றைக்கு ஒரு பந்துகூட விடவில்லை பாவி! வலமா, இடமா, நடுவா, எல்லாம் இவன் பந்துதான். மறுவாரம் குருநாதன் பக்கத்தில் வந்து நின்றான். கால் பழையபடி பின்னால் போனது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி மேனேஜர் வீரபத்திரன், கூத்தையாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பையன்கூட அருமையா ஆடுற. குருநாதன்கூட ஆடுனா கெட்டுப் போற. அப்ப கோளாறு குருநாதன்கிட்டதான். ராமேஸ்வரம் போட்டில ஜெயிக்கலேன்னா அவர வீட்டுக்கு அனுப்பிருவேன். உனக்கு அந்தப் பையன்தான் ஜோடி."

பந்தை விடுகிறவன் கூத்தையா; வீட்டுக்குப் போகிறவன் குருநாதனா? இது எந்த ஊர் நியாயம்? அவன் லிப்ட் இல்லாமல் இவன் யார்? ஊரில் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? "இல்ல சார், நான்தான்..." என்று ஆரம்பித்தான். நான்தான் என்ன? அதற்கு மேல் சொல்ல அவனுக்கே ஒன்றும் தெரியவில்லையே. திரும்பி வந்துவிட்டான்.

ராமேஸ்வரம் போட்டிக்கு ஊரே வேன் பிடித்து வந்தது. பூமயில் தன் புருஷன் மணலில் ஆடுவதை அன்றுதான் முதல் முதலாகப் பார்க்கிறாள். அரையிறுதியில் நடுப்பந்து நாலைந்தை விட்டும் எப்படியோ தப்பித்தார்கள். சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்க?"

"பந்த விட்டுட்டு ஒரு மாதிரி நிக்கிறீகளே, அதை நெனச்சேன். வரப்புல நாம போறப்ப எதிர்க்க மொதலாளி வீட்டாளுக வந்தா, ஒரு கால கீழ வச்சு எறங்கி ஒதுங்குவம்ல? அச்சு அசல் அப்படியே நிக்கிறீக. தோளு சரியிறதுகூட அதேதான்."

"போடி கூறுகெட்டவளே! இங்கன வரப்பு எங்கடி இருக்கு?"

கத்திவிட்டு எழுந்து போய்விட்டான். ஆனால் போன இடத்தில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, எதிரே குருநாதன் வருவதாக நினைத்து நடந்து பார்த்தான். கால் பின்னால் போனது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. குருநாதன் ஒரு நாளாவது ஒதுங்கு என்று சொல்லியிருக்கிறானா? இல்லையே. யாரும் சொல்லாமல் இந்தக் கால் எங்கே போய் இதைப் படித்தது?

தெரிந்துகொண்டது நல்லதற்கா கெட்டதற்கா என்றும் புரியவில்லை. மறுநாள் இறுதி ஆட்டத்தில் காலையே நினைத்துக்கொண்டு, சும்மா வந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டான். இருந்தும் குருநாதனின் லிப்ட் இழுத்துப் பிடித்து ஆட்டத்தைக் கடைசி செட் வரைக்கும் கொண்டுவந்தது. இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தால் ஜெயம். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு செல்லச்சாமி உட்கார்ந்திருந்தார்.

எதிர் ஜோடி தள்ளிவிட்ட பந்து காற்றில் மிதந்து, வலையை ஒட்டி, இரண்டு பேருக்கும் நட்ட நடுவில் வந்தது. கூத்தையா பாய்ந்தான். பந்து தெரிந்தது. பக்கத்தில் குருநாதன் தெரிந்தான். அந்த நாற்காலியும் தெரிந்தது. கால் மெல்லப் பின்னால் போகப் பார்த்தது.

"சீ, சனியனே!" என்று காலைத் திட்டிவிட்டு எகிறினான். அவன் தோள் இடித்து குருநாதன் குப்புற விழுந்தான். கூத்தையா அடித்த அடியில் பந்து எதிர்ப்பக்க மணலில் போய்ப் புதைந்தது.

ஜெயித்தாயிற்று. ஊர்க்காரர்கள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. செல்லச்சாமியின் மகனைத் தள்ளிவிட்டவனுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்கும் குழப்பம். குருநாதன் எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

"இம்புட்டு நாளா எங்கனலே போயிருந்த?" என்று கேட்டு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான் குருநாதன்.

அப்புறம்தான் விசில் பறந்தது. இந்த ஜோடி இப்படியே இருக்கட்டும் என்று வீரபத்திரனும் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள், அய்யாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கூத்தையா மிளகாய்க் காட்டு வரப்பில் போனான். இனி யார் வந்தாலும் இறங்குவதில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். எதிரே செல்லச்சாமி வந்தார், பின்னால் குருநாதன். நினைத்து முடிப்பதற்குள் கால் இறங்கிவிட்டது. செடிகளுக்கு நடுவே தூக்குச்சட்டியோடு ஒருக்களித்து நின்றான்.

"நல்லா ஆடுனலே" என்று சொல்லிக்கொண்டே செல்லச்சாமி கடந்து போனார். குருநாதன் போகவில்லை. கூத்தையாவையே பார்த்தான். பிறகு வரப்பின் அந்தப் பக்கம் அவனும் இறங்கி நின்றான்.

"வரப்புல ஏறுலே."

"நீங்க மொதல்ல ஏறுங்க சின்னய்யா."

"நீ ஏறாம நான் ஏறுறதா இல்ல."

இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் வரப்பு காலியாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் போன செல்லச்சாமி திரும்பிப் பார்த்து, "அங்கன என்னலே பண்றீக ரெண்டு பேரும்?" என்று சத்தம் போட்டார்.