மாமி அவித்த சீன மருந்து

அதை மணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது நாற்றம். கெட்டுப்போன சோயாச் சாற்றில் ஈரச் சாக்கை ஊறவைத்து அடுப்பில் ஏற்றினால் ஒருவேளை அதற்குக் கிட்ட வரலாம். லண்டனில் மனோர் பார்க் என்கிற பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் நானும் கணவரும் மாமியும் இருந்தோம். விடியக்காலையில் மாமி அடுப்பை மூட்டினால், நான் பல் விளக்கி முடிப்பதற்குள் அந்த நாற்றம் படியேறி, கதவிடுக்கால் நுழைந்து, தலையணை உறைக்குள்ளும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, உங்கள் கழிவுக்குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று மிக மரியாதையாகக் கேட்டார். மருமகளுக்கு மருந்து அவிக்கிறேன் என்று மாமி அவருக்குப் பெருமையோடு பதில் சொன்னார்.

இப்போது நான் பிளேஸ்டோவில் ஓர் அறை எடுத்துத் தனியே இருக்கிறேன். வீதி முனையில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பாவம், அவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்? ஆனாலும் அந்தப் பக்கமிருந்து காற்று வீசினால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறேன். அருவருப்பு அந்த வேர்களிலும் பட்டைகளிலும் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே லண்டனுக்கு வந்தவள். கணவர் வீட்டார் நெடுங்காலம் ஒல்லாந்தில் இருந்துவிட்டு இங்கே குடிபெயர்ந்தவர்கள். அவருக்குக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டும் தொழில். சொந்த வான், நல்ல பெயர். இடைக்கிடை பழைய கூட்டாளிகளைப் பார்க்க ஒல்லாந்துக்குப் போய் வருவார். நான் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்தேன். பிள்ளை இல்லை. எனக்கு அப்போது இருந்த ஆசை அது ஒன்றுதான். மாதா மாதம் எதிர்பார்த்து, மாதா மாதம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவேன்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அடிவயிற்றில் வலி தொடங்கியது. முதலில் மாதவிலக்கு வலிபோல மந்தமாக இருந்தது. பிறகு படி ஏறும்போதும் பெட்டி தூக்கும்போதும் குத்தியது. வெள்ளை பட்டது, அதன் நிறமும் நன்றாக இல்லை. டொக்டரிடம் போகப் போகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். காலையில் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, அப்பொயிண்ட்மென்ட் கிடைத்து, கடைசியில் பரசிட்டமோல் எழுதித் தருவார்கள் என்றார். லண்டனில் இருக்கிற யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிற பேச்சு அது, நானும் ஆட்டினேன். ஒல்லாந்தில் தன் முழங்கால் வலியைச் சீனர்கள் உடம்பில் குத்திவைக்கும் ஊசிதான் மாற்றியதாம். பெண்களுடைய வருத்தத்துக்கு அவர்களுடைய வேர் மருந்துபோல வராதாம். அந்த வாரமே என்னை இல்ஃபோர்டில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார்.

முன்னால் கண்ணாடிப் போத்தல்களும் இழுப்பறைகளும். பின்னால் ஒரு சின்ன அறை. வைத்தியம் பார்த்தவர் எங்கள் மாமியைவிட இளைய ஒரு சீனப் பெண், வெள்ளைக் கோட்டு, நிதானமான ஆங்கிலம். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாங்களும் நாடிதான் பிடிக்கிறது என்று மாமி குளிர்ந்து போனார். உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து கட்டிப்போய்க் கிடக்கிறது, இரத்தம் ஓடாமல் தேங்கி நிற்கிறது என்று அவர் விளக்கியதும் மாமிக்கு உச்சி குளிர்ந்தது. தான் அன்றைக்கே சூடு என்று சொன்னதாக என் தொடையில் தட்டினார்.

பிறகு கேள்விகள். என்ன நிறம், என்ன நாற்றம், எப்போது வலி கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மாமிதான் பதில் சொன்னார். என் உள்ளாடையின் நிறம் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மருமகளால் இதெல்லாம் பேச ஏலும்? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஏதாவது பிரச்சினை உண்டா என்று வைத்தியர் கேட்டபோது, மகன் நல்ல சுகம், ஒரு தடிமன்கூட வருவதில்லை என்று மாமி முந்திக்கொண்டார். வைத்தியர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இதற்கு ஆங்கில டொக்டரிடமும் ஒரு சோதனை செய்யுங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். போவம், போவம் என்று மாமி எழுந்துவிட்டார்.

நியாயமாகச் சொன்னால் அந்த வைத்தியப் பெண்ணில் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்ததைச் செய்தார், தெரியாததுக்கு ஆஸ்பத்திரியைக் காட்டினார். ஆனால் அவர் தந்த பைக்குள் இருந்ததை என்னால் மன்னிக்க முடியாது. சிவந்த வேர், மஞ்சள் பட்டை, வெட்டிய கொடித்தண்டு, கூடவே வைக்கோல்போல ஒரு காய்ந்த செடி. அந்தச் செடிதான் நாறியது. அவர்களுடைய மொழியில் அதன் பெயரே கெட்டுப்போன சாறு என்றுதான் வருமாம். கடையில் நின்ற பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மாமி அதை மண்சட்டியில் இட்டு, மூன்று பங்கு ஒரு பங்காக வற்றும்வரை பக்கத்தில் நின்று அவித்தார். மேலே எண்ணெய்போல மினுங்கும் கறுப்புத் தண்ணீர். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாலும் தொண்டையில் ஒரு வழுவழுப்பு நின்றுவிடும். ஓங்காளிக்கும். கண்ணில் நீர் முட்டும். மாமி என் முதுகைத் தடவி, வாயில் ஒரு துண்டுக் கற்கண்டு வைப்பார். மிஞ்சிய சக்கையைத் துணியில் முடிந்து ஆவியில் சூடாக்கி அடிவயிற்றில் வைத்துவிடுவார். அந்த மருந்தைப் பின்பக்கத்தால் ஏற்றும் முறையும் உண்டு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதுக்கும் மாமி தயார். ரப்பர் குழாய் எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அதுக்குமட்டும் செத்தாலும் மாட்டேன் என்று கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைத்தியர் தவிர்க்கச் சொன்னவற்றை மாமி அப்படியே பத்தியமாக்கினார். உறைப்பு இல்லை, இறால் நண்டு இல்லை, குளிர்ந்தது எதுவும் இல்லை. அவராகவே கத்தரிக்காயையும் சேர்த்துக்கொண்டார். சுகமாகும் வரைக்கும் கணவனும் மனைவியும் சேரக்கூடாது என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி மாமி எப்படிப் பேசப்போகிறார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் தலையணையை எடுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலில் போட்டார்.

“கொஞ்ச நாளைக்கு என்னோட படு பிள்ளை. மருந்து குடிக்கேக்க பத்தியம் வடிவாக் காக்க வேணும்.”

நான் உருகிப்போனேன். அதுவரை என் கறியில் உப்புக் குறை கண்ட மனிசி, இப்போது என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். இரவில் போர்வை விலகினால் இழுத்து மூடிவிடுவார். போனில் அம்மாவிடம், மாமி எனக்கு இன்னொரு அம்மா மாதிரி என்று சொன்னேன். அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

கணவர் அந்த நாட்களில் நல்ல பிள்ளையாக இருந்தார். மாமி அவருக்குத் தனியாக நண்டுக்கறி வைப்பார். நான் எதிரில் இருந்து உப்பில்லாக் கஞ்சி குடிப்பேன். அவர் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சும் சத்தம் அடுக்களை முழுக்கக் கேட்கும். நாற்றம் என்று சொல்லி யன்னல்களைத் திறந்துவிடுவார், வாசனைத் தெளிப்பானை அடித்துக்கொண்டு திரிவார். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். என்னில் அடிக்கும் மருந்து நாற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவரைக் குறை சொல்ல முடியுமா, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணே எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். சீருடையில், தலைமயிரில், வியர்வையில்கூட அது இருந்தது. எனக்கே என்னில் அருவருப்பாக இருந்தது.

முதலில் வலி கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. மாமி கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் ஏதோ கண்டதையும் தின்று பத்தியத்தை முறித்துவிட்டேன் என்று மாமி முடிவு செய்தார். டொக்டர் என்று வாயெடுத்தால், மருந்து உள்ளே வேலை செய்யும்போது அப்படித்தான் கிளறும் என்றார். நான் நம்பினேன். அவ்வளவு அன்பாக அவித்துத் தருகிறவரை எப்படி நம்பாமல் விடுவது?

ஒரு பின்னேரம் பால் பக்கெற்றுகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது உடம்பு உதறத் தொடங்கியது. நிமிர முடியவில்லை. மேற்பார்வை செய்யும் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு ஒருவரும் வரட்டும் என்று காத்திராமல் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

அங்கே இரத்தம் எடுத்தார்கள், உள்ளே பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் செய்தார்கள், ஊசியில் மருந்து ஏற்றினார்கள். சோதனை முடிவு வந்த அன்று ஓர் இளம் டொக்டர் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தாள். இந்த அழற்சி எல்லோருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை, ஆனால் உங்களுக்கு வந்தது கிளமிடியா என்கிற கிருமியால், படுக்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்று மெதுவாகச் சொன்னாள். கர்ப்பப்பையிலிருந்து மேலே ஏறியிருக்கிறது. வலப்பக்கக் கருக்குழாய் வீங்கி நீர் கோத்துப்போய் இருக்கிறது, இடப்பக்கத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. பிள்ளை கிடைக்காது என்று சொல்லவில்லை. கஷ்டப்படலாம் என்று மட்டும் சொன்னாள். நேரத்தோடு வந்திருந்தால் என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கணவரும் அந்தக் கிருமியைக் கொல்லும் குளிசை போட வேண்டும் என்றாள். நான் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவரைத் தவிர வேறு ஒருவரையும் அறியாதவள். கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த நேரத்திலும் என் மனம் எப்படிப்பட்டது பாருங்கள்: இதை அவர் எப்படித் தாங்கப்போகிறார், தனக்குள் இப்படி ஒரு வருத்தம் இருப்பது தெரியாமல் திரிகிறாரே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். என்னைப் பார்க்க இருவரும் வந்தபோது, டொக்டர் என் சம்மதத்தோடு அவரை உள்ளே கூப்பிட்டு, மாமியை வெளியே இருக்கச் சொன்னாள்.

அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தான் அந்தக் குளிசையை ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். எப்போது என்று டொக்டர் கேட்டாள். நவம்பர் என்றார். மனைவிக்கும் சொல்லும்படி மருந்து தந்த இடத்தில் சொல்லவில்லையா என்று அவள் கேட்டதற்கு, டைல்ஸ் தூள் படிந்திருந்த தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வானுக்குப் பார்க்கிங் நேரம் முடிகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர். எனக்கு வலி தொடங்குவதற்கு முன்னமே. அவர் தன்னைத் துப்புரவாக்கிக்கொண்டு வந்து மேசையில் நண்டு தின்றிருக்கிறார். நான் எதிரில் இருந்து புழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாமி என் தலையணையை எடுத்துக்கொண்டு போனாரே, அந்தப் பத்தியம் எனக்கில்லை. சுகமாகிவிட்ட மகனுக்கு என்னிடமிருந்து மறுபடி தொற்றிவிடாமல் காத்த பத்தியம். இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே மாமி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பிளாஸ்க். மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் வார்டு முழுக்கப் பரவியது. ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் ஏறட்டும், இதையும் இரண்டு மிடறு குடி என்று கிண்ணத்தில் ஊற்றினார்.

உங்களுக்கு முதலே தெரியுமா என்று கேட்டேன். மாமி மறைக்கவில்லை. மகன் தன் மடியில் கிடந்து அழுதானாம். ஆம்பிளைப் பிள்ளை ஒரு தரம் சறுக்கிவிட்டானாம். டொக்டரிடம் போனால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும், குடும்பம் உடைந்துவிடும், இந்த மருந்துக்கு எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்றுதான் நினைத்தாராம்.

“எனக்கு என்ன வருத்தமெண்டு தெரிஞ்சுகொண்டோ மாமி இவ்வளவு நாளும் இதை அவிச்சுத் தந்தனீங்கள்?”

மாமி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கம் இருக்கும் என்று தேடினேன். நன்றி கெட்டவளைப் பார்ப்பதுபோல ஒரு மனத்தாங்கல்தான் இருந்தது.

“ஓம் பிள்ளை. அதாலதானே ஒரு நாளும் தவறவிடாமல் அவிச்சனான்.”

குடலே வெளியே வருகிறமாதிரிச் சத்தி எடுத்தேன். சத்தியெடுக்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல என் நெற்றியைத் தாங்க மாமியின் கை வந்தது. தட்டிவிட்டேன்.