விக்டோரியா கேட்ட நாற்காலி

விக்டோரியாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவளுக்கு மிச்சமிருக்கும் ஆசை அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியில் கார் கண்ணாடிக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்றுகொண்டு வேலை செய்கிறாள். லைன் லீடர் ஆனால் நாற்காலி உண்டு. ஆனால் அதற்கு இங்கிலீஷ் பேச வேண்டுமாம். வடக்கேயிருந்து வந்த மேனேஜருக்குத் தமிழ் ஏறவில்லை. அதற்கு இவள் படிக்க வேண்டும், என்ன நியாயமோ!

பக்கத்து ஊரான ஆரணியின் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்டீவன் சார் வகுப்பு எடுப்பார். "டூ, டிட், டன்." செய்தேன் என்றால் ஒன்று, செய்து முடித்துவிட்டேன் என்றால் வேறு, இன்னும் செய்யவில்லை என்றால் அதற்கும் தனியாக ஒன்று. பாதி வகுப்பிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும். விட்டதையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

கம்பெனியில் இந்த வம்பே கிடையாது. மேனேஜர் எதைக் கேட்டாலும் எல்லாரும் "டன் சார்" என்பார்கள். செய்ததற்கும் அதுதான், செய்யாததற்கும் அதுதான். அவர் தலை மறைந்ததும் ஓடிப்போய்ச் செய்துவிடுவார்கள். அதைப் பொய்யென்று யாரும் நினைத்ததில்லை, வணக்கம் வைப்பதுபோல ஒரு மரியாதை.

லைன் லீடர் தேர்வுக்கு நின்றவர்கள் இரண்டே பேர், அவளும் ஆசீர்வாதமும். மேனேஜர் லைனோடு நடந்துகொண்டே கேள்வி கேட்டார். ஆசீர்வாதம் எல்லாவற்றுக்கும் டன் போட்டான். விக்டோரியாவின் மேசையில் கடைசிப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. இதைச் சோதித்தாயா என்றார். டன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கொடுத்துப் படித்தது!

"ஐ ஹவ் நாட் டன் இட், சார்," என்றாள் பிசிறில்லாமல்.

மேனேஜர் முகம் சுருங்கியது. நாற்காலி ஆசீர்வாதத்துக்குப் போனது.

"இன்னாக்கா நீ! டன்னு சொல்லிட்டு அப்பால பாத்துக்கினா போவுது. நான் மட்டும் பாத்துட்டா சொன்னேன்?" என்றான் அவன். பாவம், அவனுக்கே சங்கடமாக இருந்தது.

"படிச்சது வந்துட்ச்சிப்பா, இன்னா பண்றது," என்றாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டீவன் சார் ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். விக்டோரியா பெஞ்சைப் பிடித்து மெல்ல எழுந்து, அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஒரு தப்பும் இல்ல! வெரி குட்!"

எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உக்காருங்க சிஸ்டர்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அவளை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.