நான் ஓட்டிப் பார்த்த சோதனை

2010-இல் செம்மண்டலத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். முதலாளியோடு சேர்த்து நாலு பேர். கல்லூரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில், கிள்ளையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற நண்பன். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்குச் செய்த மாணவர் பட்டியல் பக்கத்தைத் திறந்தாலே கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் சுற்றிச் சுற்றி எடுத்துக் காட்டும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதியது நான். நண்பன் எட்டிப் பார்த்தான்.

"லூப்ல ஒவ்வொரு சுத்துக்கும் மொத்தம் எத்தன வரின்னு கேட்டுகினே இருக்குற மச்சான். ஒரு தடவ கேட்டு வெச்சுக்க. வேகமா ஓடும்."

முதலாளி முன்னால் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"எங்கியோ படிச்சத சொல்லாத. ஓட்டிப் பாத்துடலாம்."

ஒரு லட்சம் எண்கள் உள்ள பட்டியல் ஒன்றை உருவாக்கி, என் புது கம்ப்யூட்டரில், புது பிரவுசரில் இரண்டு விதமாகவும் பத்து முறை ஓட்டினேன். வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு முறையும் வந்த நேரத்தை உரக்கப் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்த வெப் பக்கத்துலயே, காலேஜ் மிஷின்லயே ஓட்டிப் பாரேன்" என்றான் நண்பன் மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை. கோளாறு கல்லூரி கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டோம். மறுநாள் அவன் உள்ளே நுழையும்போது, "வழி விடுங்கப்பா, வேகம் வருது" என்றேன். 'வேகம்' என்பதே ஆபீஸில் அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனான். காரணம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அதே புகார் மறுபடி வந்தபோது நானே சிதம்பரம் போனேன். பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய பிரவுசர். என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் பக்கம் நகரவில்லை. கடைசியில் நண்பன் சொன்னபடி, மொத்த எண்ணிக்கையை ஒரு தடவை மட்டும் கேட்கும்படி மாற்றினேன். உடனே திறந்தது. நான் சோதித்த எண் பட்டியலுக்குத் தன்னிடம் எத்தனை எண்கள் என்பது எப்போதும் தெரியும். ஆனால் வெப் பக்கத்தில் இருக்கிற வரிகளை, கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ணியது அந்தப் பழைய பிரவுசர். அவன் சொன்னதை நான் சோதிக்கவே இல்லை. வேறு எதையோ சோதித்து அவனை அவமானப்படுத்தியிருக்கிறேன்.

நண்பன் சேத்தியாத்தோப்பில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"வாங்க சார், உக்காருங்க" என்றான்.

அந்த 'சார்' என்னை என்னவோ செய்தது. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு போனின் பின்மூடியைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க சோதிச்சது வேறன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாலே நீங்க எல்லாம் சிரிக்கிறது கேட்டுச்சு. அதான் உட்டுட்டேன்."

டீ வாங்கித் தந்தான். யாரோ போனோடு வந்து நின்றார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

"யாரு, கிள்ளையிலேருந்து வருவானே, அவனா?" என்றார் முதலாளி. "இப்ப பக்கம் ஓடுதுல்ல? உடு."